சூட்டுக் கொப்புளம்

கீழுதட்டின் இடது ஓரத்தில் எறும்பு ஊர்ந்த மாதிரி இருந்தது. செண்பகவல்லி கையை உயர்த்தினாள், பாதியில் நிறுத்தினாள், தொடக் கூடாது, தொட்டால் கை கழுவ வேண்டும், குழாய் இருப்பது வராண்டாவின் அந்தக் கோடியில், அங்கே போக வேணியின் அறைக் கதவைத் தாண்ட வேண்டும், தாண்டினால் அம்மா பார்ப்பாள், பார்த்தால் உள்ளே வா என்பாள். ஆகவே கையை மடியிலேயே போட்டுக்கொண்டு, அது வேறு யாருடைய கையோ என்பது போலப் பார்த்தபடி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எறும்பாகவே இருக்கலாம். நிஜ எறும்பு. காலையில் அம்மா சர்க்கரைத் தண்ணீர் கலக்கும்போது கொஞ்சம் சிந்தியதே, அதற்கு வந்தது இவள் மேல் ஏறியிருக்கலாம். இப்படி நினைக்க அவளுக்குப் பிடித்திருந்தது, கொஞ்ச நேரம் நினைத்துக்கொண்டாள், நம்பத்தான் முடியவில்லை. இந்த எறும்பை அவளுக்குத் தெரியும். கல்யாணமான வருஷத்திலிருந்து தெரியும். முதலில் ஊரும், பிறகு ஊசி குத்தும், பொழுது சாய்வதற்குள் கடுகு கடுகாகக் கொப்புளம் கிளம்பும், ஒன்றோடொன்று ஒட்டி நீர் கோத்துக்கொள்ளும், உடையும், காயும், போய்த் தொலைந்தது என்று நம்ப வைக்கும். போகாது. நரம்புக்குள்ளே போய்ப் படுத்துக்கொள்ளும் என்று மதுரை டாக்டரம்மா சொன்னாள். சாகிற வியாதியும் இல்லை, போகிற வியாதியும் இல்லை, பழகிக்கொள்ளுங்கள். எப்போதெல்லாம் வரும் டாக்டர்? தூக்கம் கெட்டால் வரும், வெயிலில் அலைந்தால் வரும், மனசு கெட்டால் வரும். நேற்று முழுக்க வெயிலில் அலைச்சல், ராத்திரி பூரா இந்தப் பெஞ்சில் கொட்டக் கொட்ட முழிப்பு. மனசு கெடுவதற்கு மட்டும் காலைவரை காரணம் இல்லாமல் இருந்தது.

காலையில் அதையும் வேணி கொடுத்துவிட்டாள், பாவம், பிரியத்தில்தான் கொடுத்தாள். வேணி தம்பி நாயகத்தின் பெண்டாட்டி. விடியும்போது பெண் குழந்தை, சுகப்பிரசவம், தம்பி துள்ளிக் குதித்துக்கொண்டு மிட்டாய் வாங்கப் போய்விட்டான். பிறந்த பிள்ளையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரை யார் முதலில் விரலால் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பது இந்தக் கோவில்பட்டிப் பக்கத்து நம்பிக்கை. சேனை வைப்பது என்பார்கள். ஆள் பொறுக்குவதில் நடக்கிற போட்டியில் எலெக்‌ஷன் தோற்றுப்போகும், வாயாடி வைக்கக் கூடாது, கஞ்சன் வைக்கக் கூடாது, வாழாவெட்டி வைக்கக் கூடாது, பிள்ளையில்லாதவள் கிட்டவே வரக் கூடாது. பிள்ளையில்லாதவள் என்று வேணியின் அம்மா முருகம்மாள் வாயைத் திறந்து சொல்லவில்லை, "வயித்துல சுமந்தவுக யாராச்சும் வச்சா நல்லதுல்லா" என்று சுவரைப் பார்த்துச் சொன்னாள். வாயோரத்தில் மஞ்சளை அப்பிக்கொண்டு, தூக்கமில்லாத கண்ணோடு, மகள் பிழைத்து எழுந்த சந்தோஷத்தில் என்ன சொல்கிறோம் என்றே தெரியாமல் சொன்னாள், அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஆனால் வேணி விடவில்லை. பெற்றுப் போட்ட அரை மணி நேரத்தில், குரல் எழும்பாமல், "மதினிதான் வைக்கணும். எம் பிள்ள மதினி மாதிரி பொறுமையா வரணும்" என்றாள். பொறுமை. செண்பகத்துக்குச் சிரிப்பு வந்தது. வாயை இறுக்கி மூடி வைத்திருப்பதற்கு வீட்டில் வைத்திருக்கிற பெயர் அது. டாக்டரோ நர்சோ கேட்டால் தொலைத்துவிடுவார்கள், தாய்ப்பாலைத் தவிர ஒரு சொட்டு உள்ளே போகக் கூடாது என்று நர்சம்மா ஏற்கெனவே விரலை ஆட்டிவிட்டுப் போயிருக்கிறாள், அதனால் அவள் சாப்பிடப் போகிற சமயம் பார்த்து வைப்பதாக ஏற்பாடு. சாப்பாட்டு நேரம் நெருங்கிக்கொண்டிருந்தது. எங்கிருந்தோ ரசம் மணத்தது.

ரசம் என்றால் அவளுக்கு அந்த முதல் காய்ச்சல். கல்யாணமாகி ஆடி கூட வரவில்லை, சிவகாசியில் புருஷன் வைரவன் வீட்டு மச்சில் போர்வைக்குள் நடுங்கிக்கொண்டு கிடந்தாள், மாமியார் மிளகு ரசம் வைத்துக் கொடுத்தாள், அதைக் குடிக்க உதடு திறக்கவில்லை, குடித்ததை வெளியேற்ற அதைவிட முடியவில்லை, கழிப்பறைக்குள் சேலைத் தலைப்பை வாயில் திணித்துக்கொண்டு அழுதாள், மேலும் கீழும் ஒரே நெருப்பு. சூடு, என்றாள் மாமியார். சூட்டுக் கொப்புளம். புதுப் பொண்ணு, உடம்பு கொதிக்கத்தான் செய்யும். நல்லெண்ணெய் தேய்த்துக் குளித்தாள், மோர் குடித்தாள், வெந்தயம் முழுங்கினாள், இளநீர் இளநீராக வெட்டினார்கள். அம்மாவும் சூடு என்றாள், பக்கத்து வீட்டுக்காரி சூடு என்றாள், மருந்துக் கடைக்காரனும் சூடு என்றுதான் சொல்லி ஒரு களிம்பு கொடுத்தான். அந்தச் சொல் ஒரு பெரிய ஜமுக்காளம், எதை வேண்டுமானாலும் அதன் அடியில் தள்ளிவிடலாம். வைரவன் மட்டும் சூடு என்று சொல்லவில்லை. அவன் ஒன்றுமே சொல்லவில்லை. அவளுடைய உதட்டைப் பார்த்தான், சட்டென்று முகத்தைத் திருப்பினான், அந்தத் திருப்பலில் அவனுக்குத் தெரியும் என்பது அவளுக்குத் தெரிந்தது, என்ன தெரியும் என்பதுதான் தெரியவில்லை. அதைத் தெரிந்துகொள்ள மதுரைக்குத் தனியாக பஸ் ஏறினாள். ஹெர்பிஸ் என்று டாக்டரம்மா சொன்னபோது ஏதோ ஊர்ப் பெயர் போல இருந்தது. திரும்பி வந்து அவனிடம் அந்தப் பெயரைச் சொன்னாள். "எவன்கிட்ட வாங்கிட்டு வந்த?" என்றான். சாதம் பிசைந்துகொண்டே, நிமிராமல். அன்றைக்கு அவன் தட்டு வேறு அவள் தட்டு வேறு ஆனது, பிறகு அவன் படுக்கை மொட்டை மாடிக்குப் போனது, பிறகு எப்போது பிள்ளை, எப்போது பிள்ளை என்று இரண்டு வீட்டாரும் கேட்க ஆரம்பித்தார்கள். மாடியில் படுத்திருக்கிறவனுக்கும் கீழே படுத்திருக்கிறவளுக்கும் எப்படிப் பிள்ளை வரும். அதையும் சொல்லவில்லை. பொறுமை.

ஊசி குத்திவிட்டது. அப்படியென்றால் எறும்பு இல்லை. மாத்திரை பையில் இருக்கிறது, வாயில் போட்டுக்கொண்டாள், தண்ணீர் பாட்டிலை உதடு படாமல் அண்ணாந்து ஊற்றினாள், இதில் மட்டும் அவளுக்கு யாரும் நிகர் இல்லை. போனில் பேசுகிற சுண்டைக்காயும் இப்படித்தான் குடிப்பாளாம். லாரி சீட்டில் உட்கார்ந்து, ஓடுகிற லாரியில், ஒரு சொட்டு சிந்தாமல். அவள் சொன்னதை நினைத்ததும் கொஞ்சம் மூச்சு விட முடிந்தது. சுண்டைக்காய் எப்படி இருப்பாள் என்று செண்பகத்துக்குத் தெரியாது. மதுரை ஆஸ்பத்திரியில் ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் அக்கா ஒருத்தி, இதே வியாதிக்காரர்களாகச் சேர்த்து, முகம் காட்டாமல், சொந்தப் பெயர் சொல்லாமல், புதன்கிழமை சாயங்காலம் போனில் எல்லாரும் ஒன்றாகப் பேசுகிற மாதிரி ஒரு ஏற்பாடு செய்துவைத்திருந்தாள். ஆளுக்கொரு காய்கறிப் பெயர். செண்பகம் முருங்கை. நாகர்கோவில் வாத்தியார் ஒருத்தர் பீர்க்கங்காய், அந்தப் பெயரை யார் வைத்தது என்று ஒவ்வொரு வாரமும் சண்டைக்கு வருவார். நாமக்கல் லாரி டிரைவரின் சம்சாரம் சுண்டைக்காய். முதல் மூன்று நான்கு புதன் செண்பகம் பேசவே இல்லை, மற்றவர்கள் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள், அதுவே போதுமாக இருந்தது. உலகத்தில் தனக்கு மட்டும்தான் என்று நினைத்திருந்தது இத்தனை பேருடைய உதட்டிலும் இடுப்பிலும் ஊர்கிறது, இவர்களும் சாப்பிடுகிறார்கள், சிரிக்கிறார்கள், ரேஷன் கடையில் நிற்கிறார்கள். சுண்டைக்காய்தான் அதிகம் சிரிப்பாள். "ரெண்டு பசங்கள வச்சுக்கிட்டு நான் படற பாடு" என்றுதான் எதையும் தொடங்குவாள். போன மாசம் ஒரு புதன், பீர்க்கங்காயின் மகளுக்குப் பிரசவ நேரம், தாத்தாவாகப் போகிறேன் முதல் முத்தம் என்னுடையதுதான் என்று அவர் குதித்துக்கொண்டிருந்தபோது, சுண்டைக்காய் திடீரென்று சொன்னாள். "எனக்கு ரெண்டு பசங்கன்னு சொல்லுவேனுங்கல்ல. மூணு. மூத்தது பொண்ணு. வாயில புண்ணோட முத்தங் குடுத்தேன், சூட்டுப் புண்ணுன்னு எல்லாரும் சொன்னாங்க. பால் குடிக்கமாட்டேன்னுச்சு. வெட்டு வெட்டுன்னு இழுத்துச்சு. கொண்டுபோறதுக்குள்ள..." லாரிச் சத்தம் மட்டும் கேட்டது. "செத்ததுக்கப்புறம் எந்த டாக்டர் சொன்னான்னு கேக்காதீங்க. ரெண்டாவது வயித்துல இருக்கறப்பத்தான் எனக்கே தெரிஞ்சுது. ஒருத்தி சொல்லியிருந்தா போதுமுங்க. எவளாச்சும் ஒருத்தி." பீர்க்கங்காய் அழுதார், பெரிய மனிதர், மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதார். செண்பகம் அழவில்லை. அன்றைக்கு ராத்திரி சோறு இறங்கவில்லை, அவ்வளவுதான்.

ஆனால் இது முத்தம் இல்லையே, விரல்தானே. சோப்புப் போட்டு நன்றாகக் கழுவினால் விரலில் என்ன இருக்கப் போகிறது. முகத்தை எட்ட வைத்துக்கொண்டு, கையை மட்டும் நீட்டி, ஒரு தொடல், முடிந்தது. வேணி சந்தோஷப்படுவாள், முருகம்மாள் வாயை மூடிக்கொள்வாள், பிள்ளையில்லாதவள் என்ற பேச்சு ஒரு நாளைக்காவது ஓயும். யாருக்கும் எதுவும் தெரிய வேண்டாம். வைக்கலாம். வைத்தால் என்ன. விரலை ஒருமுறை விரித்துப் பார்த்தாள், அந்த விரலைத்தான் அவளால் நம்ப முடியவில்லை. இந்த ஊர்ப் பெண் கைக்கு ஒரு பழக்கம் இருக்கிறது, பச்சைப் பிள்ளையைக் கண்டால் கன்னத்தைத் தொடும், தொட்ட விரல்களைக் குவித்துத் தன் உதட்டில் ஒற்றும், ஒற்றிய விரலாலேயே மறுபடியும் கன்னத்தைத் தொடும். யாரும் சொல்லிக்கொடுத்தது இல்லை, மூச்சு மாதிரி அது. முதல் தொடலில் ஒன்றும் இல்லை, இரண்டாவதில்தான் எமன். சாத்தூர் பஸ்ஸில் ஒருத்தி மடியில் கிடந்த பிள்ளைக்கு இவளே ஒருமுறை அப்படிச் செய்துவிட்டாள், உதட்டில் பொருக்கு காயாமல் இருந்த நேரம், செய்து முடித்த பிறகுதான் செய்தது தெரிந்தது. அவர்கள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிப் போய்விட்டார்கள். என்ன ஊர், என்ன பெயர், அந்தப் பிள்ளை பால் குடித்ததா, ஒன்றும் தெரியாது. இன்றைக்கும் தெரியாது. சில நாள் சமையல் நடுவில் அந்தப் பிள்ளையின் மஞ்சள் தொப்பி ஞாபகத்துக்கு வந்து கை நின்றுவிடும். வேணியின் பிள்ளை எங்கும் இறங்கிப் போகாது. கண்ணெதிரே வளரும், இல்லாவிட்டால் கண்ணெதிரே இழுக்கும். சேனை வைத்ததும் பிள்ளையைக் கையில் கொடுப்பார்கள், அத்தை ஒரு முத்தம் கொடு என்பார்கள், மாட்டேன் என்று எந்த அத்தை சொல்வாள். போனை எடுத்தாள். சேனை வைக்கச் சொல்கிறார்கள், தம்பி பிள்ளைக்கு, எனக்கு உதட்டில் வருகிறது என்று சுண்டைக்காய்க்குத் தட்டினாள். பதில் எழுத்தாக வரவில்லை, மணியே அடித்தது. "சொல்லிரு, முருங்கை." பின்னால் லாரி இரைந்தது. "எப்படிக்கா சொல்ல?" "எப்படியாச்சும் சொல்லு. வைக்காத, கண்ணு. நான் லைன்லயே இருக்கேன், கட் பண்ணாத."

"ஏட்டி செண்பகம், வா. நர்சம்மா சாப்பிடப் போயிட்டாக, சட்டுனு வச்சுட்டு வந்துரு." அம்மா கதவிடுக்கில் நின்று கையை ஆட்டினாள். செண்பகம் போனைச் சேலைத் தலைப்புக்குள் பிடித்துக்கொண்டு எழுந்தாள். கால் நடந்தது. அறையில் டெட்டால் வாசம், கட்டிலில் வேணி, பழைய வேட்டித் துணிக்குள் அது, சிவப்பாக, மூக்கு மட்டும் தம்பி மூக்கு, வாயைச் சப்புக்கொட்டிக்கொண்டு. எவ்வளவு சின்ன வாய். முருகம்மாள் டம்ளரை நீட்டினாள், காலையில் சொன்னதற்குப் பரிகாரம் போல, "வை தாயி, நீயே வை" என்றாள். செண்பகம் வாசலை விட்டு நகரவில்லை. "நான் வைக்கக் கூடாது வேணி." வேணியின் முகம் விழுந்தது. "எங்கம்மா பேசுனதுக்கா மதினி? அவுக பேச்ச விடுங்க, நான் சொல்லுதேன்ல." அம்மா கிட்டே வந்து காதோடு, "தூரமாட்டி?" என்றாள். எவ்வளவு நல்ல பொய் அது, தயாராக, கழுவிக் கவிழ்த்த டம்ளர் மாதிரி கையில் வந்து நிற்கிறது, மாதவிலக்கு என்று தலையாட்டினால் போதும், ஒரு பெண்ணும் மேற்கொண்டு ஒரு வார்த்தை கேட்க மாட்டாள். தலை ஆடக்கூட ஆரம்பித்துவிட்டது. இன்றைக்குத் தப்பிக்கலாம். நாளைக்கு? தொட்டில் போடும் அன்றைக்கு? எத்தனை நாள் தூரமாக இருப்பது. "இல்லம்மா. உதட்டுல வருது எனக்கு." "சூடுதானட்டி, அதுக்கென்ன." "சூடு இல்ல. ஆறு வருசமா சூடு இல்ல. ஹெர்பிஸ்னு ஒரு நோய், ஒட்டுக்கிடும். அவர்கிட்ட இருந்து எனக்கு வந்துச்சு. பெரியவுகள ஒண்ணும் செய்யாது, பச்சப் பிள்ளைக்கு உயிருக்கே ஆகாது. அதான் அவரு மாடியில படுக்காரு. அதான் பிள்ளை இல்ல." கடைசி இரண்டையும் சொல்ல நினைக்கவில்லை, ஒன்றை இழுத்தால் ஒன்று வந்துவிட்டது. வேணி பிள்ளையை வாரி எடுத்துச் சுவர்ப் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள், அவ்வளவுதான் செய்தாள், எந்தத் தாயும் செய்வது, தான் செய்யச் சொன்னதும் அதுதான், ஆனாலும் அந்த முதுகைப் பார்க்கச் செண்பகத்துக்குத் தாங்கவில்லை. "வாய மூடுட்டி" என்றாள் அம்மா, மெதுவாக, கண்ணில் நீரோடு, "வெளிய போய் உக்காரு. போ." பிறகு முருகம்மாளைப் பார்த்து, "நீங்களே வச்சிருங்க மதினி, அவுக வந்துருவாக" என்றாள்.

பெஞ்ச் அதே பெஞ்ச்தான். உதடு நன்றாகவே தடித்துவிட்டது. சொல்லியாகிவிட்டது, இனி இது சிவகாசிக்குப் போகும், மாமியார் வருவாள், வைரவன் நிமிராமல் ஏதாவது சொல்வான், தம்பி மிட்டாய்ப் பெட்டியோடு வந்து முழிப்பான், இவளுக்குத் தனியாக ஒரு டம்ளர் வாங்குவார்கள், ஏற்கெனவே ஒரு வீட்டில் இருக்கிறது, இங்கேயும் ஒன்று. நல்லதுதான் செய்தோம் என்று மனசுக்குள் சொல்லிப் பார்த்தாள், பிறத்தியார் சொல்வது போலக் கேட்டது. பிள்ளையின் வாய், எவ்வளவு சின்ன வாய், அதை இனி எவ்வளவு தூரத்திலிருந்து பார்ப்பது. பெஞ்சின் அடுத்த கோடி ஆடியது. யாரோ உட்கார்ந்தார்கள். முருகம்மாள். கையில் டம்ளர் அப்படியே நிறைய இருந்தது, வலது கை ஆள்காட்டி விரல் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது, தொட்டவள் வைக்காமலே எழுந்து வந்திருக்கிறாள். திட்டத்தான் வந்திருக்கிறாள் என்று செண்பகம் சுருண்டுகொண்டாள். முருகம்மாள் திட்டவில்லை. டம்ளரைத் தரையில் வைத்தாள். இடது கையால் முந்தானையை எடுத்து வாயோரத்து மஞ்சளை அழுத்தித் துடைத்தாள். காலையிலிருந்து எதிரே நின்ற முகம் அது, தன் உதட்டைத் தவிர வேறெதையும் பார்க்காமல் செண்பகம் உட்கார்ந்திருந்திருக்கிறாள். மஞ்சளுக்கு அடியில் பொருக்கு, அதன் ஓரத்தில் இன்னும் காயாத ஈரம்.

"தாயி, நீ சொன்னது இதுதானா பாரு."

செண்பகம் பெஞ்சில் நகர்ந்து கிட்டே போய்ப் பார்த்தாள்.

"எனக்கு வேணி பொறக்குமுன்ன இருந்தே வருது. அவுக அப்பாவுக்கும் வரும். சூடுன்னுதான் நெனச்சோம். வருசத்துக்கு ரெண்டு மட்டம், மஞ்சள அப்பிக்கிட்டுக் கெடப்போம்." முருகம்மாள் அறைக் கதவைத் திரும்பிப் பார்த்தாள். "காலையில பிள்ளையத் துடைச்சுக் கையில குடுத்தாகல்ல. நெத்தியில ஒண்ணு குடுத்தேன் தாயி. ஒண்ணே ஒண்ணு. கன்னத்துலயும் குடுத்தேன்."

"முருங்கை." சேலைத் தலைப்புக்குள்ளிருந்து குரல் வந்தது. போன் அணைக்கப்படவில்லை என்பதே மறந்துபோயிருந்தது. "கேட்டுட்டேன். டாக்டர்கிட்டப் போங்க ரெண்டு பேரும். இப்பவே போங்க. உக்காராதீங்க கண்ணு, தயவுசெஞ்சு உக்காராதீங்க."

"யாரு அது?" என்றாள் முருகம்மாள்.

"எங்க ஆளு, அத்தை."

முருகம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. "பிள்ளைக்கு ஒண்ணும் ஆகாதுல்ல?" என்றாள், பெரிய மனுஷி, டீச்சர் முன்னால் நிற்கிற பிள்ளை மாதிரி. ஆகாது என்று சொல்லத்தான் வாய் வந்தது, ஆறு வருஷமாக எல்லாரும் எல்லாருக்கும் அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள், சொல்லிச் சொல்லித்தான் இங்கே வந்து நிற்கிறது. "தெரியல அத்தை. இப்பவே சொன்னா மருந்து இருக்குன்னு சொல்லுதாக."

"நீயே சொல்லு டாக்டர்கிட்ட. எனக்கு வாய் வராது."

"சொல்லுதேன். எந்திரிங்க."

அவள் கையை நீட்டினாள். நீட்டிய பிறகுதான், தன் கையைத் தொட யோசிப்பாளோ என்ற பயம் வந்தது. முருகம்மாள் யோசிக்கவில்லை, பிடித்துக்கொண்டாள். டாக்டர் அறை வராண்டாவின் அந்தக் கோடியில் இருந்தது, வேணியின் கதவைத் தாண்டித்தான் போக வேண்டும். உள்ளே பிள்ளை அழ ஆரம்பித்திருந்தது. பசிக்குத்தான் அழுகிறது, பசிக்குத்தான் என்று செண்பகம் சொல்லிக்கொண்டே நடந்தாள். கைக்குள் அத்தையின் விரல் சர்க்கரையில் பிசுபிசுத்தது.